ஜோடி வண்டி

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து புக்கிங் ஆபீஸில் வடக்கே லோடு கேட்டுப் போய் நின்றால், வாடகை பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "ஜோடி யாரு?" தூர லோடுக்குத் தனி வண்டியை அனுப்ப அந்தக் காலத்தில் ஆபீஸ்காரர்களுக்கு மனசு வராது. இரண்டு வண்டி சேர்ந்து போனால்தான் ஏற்றிய மூட்டை எண்ணிக்கை குறையாமல் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் கிளீனராக ஏறி, டிரைவராகி, ஃபைனான்ஸில் சொந்த வண்டி எடுத்தவன். இந்தத் தொழில் எனக்குக் கொடுத்ததில் பெரியது எது என்று கேட்டால் வண்டியையும் சொல்ல மாட்டேன், வீட்டையும் சொல்ல மாட்டேன். என் ஜோடியைத்தான் சொல்வேன்.

லாரியில் போகாதவர்களுக்கு இது புரிய வேண்டுமானால் ராத்திரியில் ஒரு மேடு ஏறிப் பார்க்க வேண்டும். அப்போது எங்களிடம் இருந்தவை பத்துச் சக்கர வண்டிகள். வண்டியும் சரக்கும் சேர்ந்து 25 டன், அதில் சரக்கு மட்டும் 15, 16 டன் வரும். அந்த எடையோடு காட்டுப் பாதையில் மேடு ஏறும்போது வண்டி மனிதன் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். திருடனுக்கு அது போதும். பின்னால் தொற்றி ஏறி, கயிற்றை அறுத்து, தார்ப்பாயைக் கிழித்து மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிவிடுவான். கண்ணாடியில் எதுவும் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் காதிலும் விழாது. விடிந்து டீ குடிக்க நிறுத்தும்போதுதான் பின்பாதி காலியாக இருப்பது தெரியும். குறைந்த மூட்டைக்கு வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். ஜோடி வண்டி பின்னால் வந்தால் அதன் ஹெட்லைட் வெளிச்சம் முன்வண்டியின் முதுகில் விழுந்துகொண்டே இருக்கும். எவனும் கிட்டே வர மாட்டான். மேடு ஏறி முடித்ததும் முன்வண்டி ஓரம் கட்டி வழிவிடும். அடுத்த மேட்டுக்கு இடம் மாறிக்கொள்வோம்.

பஞ்சர் ஆனாலும் அப்படித்தான். பின்புறம் உள்சக்கரம் காற்று இறங்கினால் ஜாக்கி போட்டு வெளிச்சக்கரத்தைக் கழற்றி அப்புறம்தான் உள்ளே கை போகும். நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டில், டிரைவரும் கிளீனரும் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் வருகிற இன்னொரு லாரிக்காரன் நேரே வந்து மோதினால் அதோடு முடிந்தது. பின்னால் ஜோடி வண்டி நின்றால் அந்த வண்டி அடியை வாங்கும், மனிதன் தப்புவான். ஒருவன் தன் வண்டியை இன்னொருவனுக்குத் தடுப்பாக நிறுத்துகிறான் என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டூல்பாக்ஸிலிருந்து பெரிய கல்லை எடுத்து சக்கரத்துக்கு அடியில் வைப்பதைப்போல அதுவும் ஒரு வேலையாகவே நடந்தது.

ஜோடியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சின்னப் பையன்கள் கேட்பார்கள். ஒரே வேகம் வேண்டும், ஒரே எடை ஏற்றியிருக்க வேண்டும் என்பதெல்லாம் சரிதான். தூக்கம் ஒத்துப்போக வேண்டும் என்பதும் முக்கியம். ராத்திரி இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் கண் சொக்கும். யாருக்குச் சொக்கினாலும் லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்டினால் இரண்டு வண்டியும் நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம் போயிரலாம்" என்று சொல்கிறவனோடு ஜோடி போகக் கூடாது. இதையெல்லாம் விட நான் பார்ப்பது டீக்கடைக் கணக்கு. ஒரு ஆள் போன நடையில் டீக்கடையில் வைத்த பாக்கியை இந்த நடையில் கேட்காமலே கொடுக்கிறானா என்று கவனிப்பேன். ஓட்டுவதில் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. நெருக்கடியில் கூட நிற்கிற குணம் ஓட்டுகிற கையில் தெரியாது. பத்து ரூபாய் விஷயத்தில் தெரிந்துவிடும்.

என் ஜோடி எடப்பாடிப் பக்கத்துக்காரன். ஒரே முதலாளியிடம் இரண்டு வண்டியில் இரண்டு கிளீனர்களாகச் சேர்ந்தோம். வண்டி கழுவுவது, இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி சத்தத்தை வைத்துக் காற்று பார்ப்பது, வண்டி பின்னால் வரும்போது "வரலாம், வரலாம்" என்று கத்துவது எல்லாம் சேர்ந்து கற்றுக்கொண்டோம். சொந்தம் ஒன்றுமில்லை. அவன் என்னை மாப்ள என்று கூப்பிட, நானும் மாப்ள என்று கூப்பிட, அப்படியே நின்றுவிட்டது. அதனால் அவன் மனைவி எனக்குத் தங்கச்சி, என் மனைவி அவனுக்குத் தங்கச்சி. பிள்ளைகளுக்கு நாங்கள் இரண்டு பேரும் மாமன். வண்டி ஓட்டக் கூப்பிட்ட பெயர் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது செல்போன் இல்லை. பிரிந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்கு எங்களுக்கென்று ஏற்பாடு இருந்தது. அனந்தப்பூர் தாண்டி ஒரு தாபா, கர்நூலுக்கு முன்னால் ஒரு டீக்கடை, ஐதராபாத்துக்கு வெளியே ஒரு பஞ்சர் கடை, நாக்பூர் வாடியில் தமிழர் நடத்தும் மெஸ் என்று நிற்கிற இடங்கள் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். முதலில் வந்தவன் காத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் எதிரே வரும் நம் ஊர் வண்டியை நிறுத்தி விசாரிக்க வேண்டும். டி.என். 52 என்றால் சங்ககிரி, 34 என்றால் திருச்செங்கோடு, 28 என்றால் நாமக்கல். அந்த நம்பர் பார்த்துக் கையை நீட்டினால் முன்பின் தெரியாதவனும் நிறுத்துவான். அதிலும் தகவல் இல்லை என்றால் லோடோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு தேடிப் போக வேண்டும். திரும்பிப் போகிற டீசல் அவனவன் செலவு. 2003 இல் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனபிறகுதான் எங்கள் சட்டைப்பையிலும் போன் வந்தது. பாதிக் காட்டில் சிக்னல் கிடைக்காததால் பழைய ஏற்பாட்டையும் விடாமல் வைத்திருந்தோம்.

அது என் உயிரைக் காப்பாற்றிய ஏற்பாடு.

2011 கோடையில் சேலத்திலிருந்து ஜபல்பூருக்கு ஜவ்வரிசி ஏற்றியிருந்தோம். வடக்கே விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பாடு. அதனால் சேலத்து ஆலைகளிலிருந்து மகாராஷ்டிரத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் எங்களுக்கு லோடு கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒரு மூட்டை 90 கிலோ. வண்டிக்கு 170 மூட்டை. பழைய ஏழாம் நம்பர் நெடுஞ்சாலையில், அதாவது இப்போது 44 என்று நம்பர் மாறியிருக்கும் சாலையில், நாக்பூரைத் தாண்டினால் கவாசா என்ற இடத்தில் மகாராஷ்டிரம் முடியும். அங்கிருந்து சியோனி வரை பெஞ்ச் புலிக்காட்டை ஒட்டிய பாதை. காட்டுக்குள் சாலையை அகலப்படுத்தலாமா கூடாதா என்ற வழக்கில் அந்த வேலை பல வருஷம் நின்று கிடந்தது. (விலங்குகள் அடியில் கடந்துபோகும்படி உயரப் பாலங்களோடு இப்போது நல்ல சாலை வந்துவிட்டது. அதில் போனபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.) அன்றைக்கு அது குண்டும் குழியுமாக, ஓரம் பெயர்ந்து, எதிர் வண்டிக்கு இறங்கி வழிவிட வேண்டிய பாதை. வெயில் 45 டிகிரி. குரை மலைப்பாதை ஏறி முடித்து சமதளத்துக்கு வந்தபோது என் வண்டியின் முன்டயர் வெடித்தது.

பின்டயர் வெடித்தால் பக்கத்து டயர் தாங்கும். முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் அந்தப் பக்கமாகப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். 15 டன் பின்னாலிருந்து தள்ளும். வண்டி சாலையை விட்டு இறங்கி இடப்பக்கமாகச் சாய்ந்து வயலில் விழுந்தது. கிளீனர் பையன் கண்ணாடி வழியாக வெளியே போய் விழுந்து சின்னக் காயத்தோடு தப்பினான். என் வலது கால் ஸ்டியரிங் தண்டுக்கும் கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. தொடை எலும்பு முறிந்தது எனக்கே சத்தமாகக் கேட்டது.

மாப்ள பத்து நிமிஷம் பின்னால் வந்துகொண்டிருந்தான். வந்தவன் அழவில்லை, கத்தவில்லை. தன் வண்டியிலிருந்து சங்கிலியை எடுத்து என் கேபின் தூணில் மாட்டி, தன் வண்டியை முதல் கியரில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். கடப்பாரையை உள்ளே கொடுத்து இரண்டு கிளீனர்களும் கதவைப் பிளக்க, அவனே உள்ளே இறங்கி என்னை இழுத்தான். நான் வலியில் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். "நீ கம்முனு இரு மாப்ள" என்பது மட்டும்தான் அவன் பதில். வெளியே போட்ட கையோடு மறுபடி கேபினுக்குள் புகுந்து ஒரு பையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். ஆர்.சி. புத்தகம், பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், என் லைசென்ஸ், லோடு பில். கவிழ்ந்த வண்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தால் இதெல்லாம் எங்கே போகும் என்று தெரியாது. இதில் ஒரு தாள் தொலைந்தாலும் இன்சூரன்ஸ் பணத்துக்கு அலைய வேண்டும். அந்த நேரத்தில் அது தோன்றியது பாருங்கள், அதற்குப் பிரியம் மட்டும் போதாது. தொழிலும் தெரிந்திருக்க வேண்டும். கஷ்டத்தில் உதவுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது மனசைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த மனசு கிடைப்பது இன்னும் அரிது.

அடுத்து வந்ததுதான் கஷ்டமான முடிவு. கவிழ்ந்த வண்டியை ஆளில்லாமல் விட்டால் முதலில் பேட்டரி போகும், அப்புறம் ஸ்டெப்னி, அப்புறம் டீசல். மூட்டைகள் வயலில் சிதறிக் கிடக்கின்றன. அவன் வண்டியிலும் முழு லோடு. எனக்கோ ஆஸ்பத்திரி வேண்டும். "நீ வண்டிகிட்ட இரு, நான் ஜீப்புல போயிர்றேன்" என்று நான் சொன்னேனாம். அவன் சாலையில் போய் நின்று, சியோனிப் பக்கமிருந்து இறங்கி வந்த திருச்செங்கோட்டு வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினான். அவர்கள் யாரென்று எங்களுக்கு முன்பின் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் அந்த டிரைவர் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அன்று ராத்திரி முழுவதும் அந்த இரண்டு பேரும் எங்கள் கிளீனர்களோடு வயலில் காவல் இருந்தார்கள். ஒரு மூட்டைகூடப் போகவில்லை. பிற்பாடு திருச்செங்கோட்டுக்குத் தேடிப் போய் அந்த டிரைவரைப் பார்த்தேன். ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர எதையும் அவர் ஏற்கவில்லை.

மாப்ள என்னோடு சியோனிக்கு வந்தான். அங்கே கட்டுப் போட்டு, மறுநாள் 125 கிலோமீட்டர் தள்ளி நாக்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, காலில் ராடு வைக்கக் கையெழுத்துப் போட்டதும் அவன்தான். உறவு என்ன என்று கேட்ட இடத்தில் மச்சான் என்று எழுதினானாம். ஊரிலிருந்து என் தம்பி கேரளா எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து சேரும் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தான். அதன் பிறகாவது லோடு இறக்க ஜபல்பூர் போயிருக்கலாம். போகவில்லை. சியோனிக்குத் திரும்பி, போலீஸ் பஞ்சநாமா எழுதும் வரை நின்று, இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும் வரை நின்று, கிரேன் பேசி வண்டியை நிமிர்த்தி, ஆள் வைத்து மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றி, அந்த வண்டியையும் கூட்டிக்கொண்டுதான் ஜபல்பூர் போனான். சரக்கு தாமதமானதற்குப் பார்ட்டி இரண்டு வண்டி வாடகையிலும் பிடித்தார்கள். அவன் பங்கில் பிடித்தது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.

நிற்பது என்றால் என்ன விலை என்று வெளியாட்களுக்குத் தெரியாது. லாரி ஓடுகிற நாளில்தான் சம்பாதிக்கும். நிற்கிற நாளிலும் ஃபைனான்ஸ் டியூ ஓடிக்கொண்டிருக்கும், இன்சூரன்ஸும் ரோடு டாக்ஸும் ஓடும், டிரைவருக்குப் பத்தா, அதாவது படி, கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவன் வண்டிக்கும் ஃபைனான்ஸ் பாக்கி இருந்தது. எங்கள் செட்டில் அந்த மாதம் நாக்பூர் வழியாக எத்தனையோ வண்டிகள் போயின. சிலர் ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள், சிலர் வரவில்லை. வராதவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒவ்வொருவன் தலையிலும் டியூ தேதி உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பயமும் இருந்தது. விபத்தில் அடிபட்டவனைத் தூக்கினால் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்று இழுப்பார்கள், அதுவும் பாஷை தெரியாத மாநிலத்தில். அப்படி உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டுதலுக்கு உச்ச நீதிமன்றம் உயிர் கொடுத்தது 2016 மார்ச்சில்தான். 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவாக அது சட்டத்துக்குள்ளேயே வந்தது. 2011 இல் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நிறுத்தாமல் போனவன் கெட்டவன் இல்லை. நிறுத்தினவன் எவ்வளவு பெரியவன் என்பது அதனால்தான் எனக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

கால் ஊன்ற மாதக்கணக்காயிற்று. வண்டி நாமக்கல் பட்டறையில் கேபின் மாற்றிக் கட்டி வெளியே வந்தபோது நான் ஊன்றுகோலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று டியூ தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மாப்ள ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போய்ப் பேசித் தவணை வாங்கினான். நம்பிக்கையான ஒரு டிரைவரைப் பிடித்து என் வண்டியில் போட்டு, தன் வண்டிக்கு ஜோடியாகவே ஓட்டினான். நடை முடிந்து வந்ததும் குளிக்கக்கூட வீட்டுக்குப் போகாமல் நேராக என் திண்ணைக்கு வருவான். நாற்பது பக்க நோட்டில் வாடகை, அட்வான்ஸ், டீசல், டோல், பத்தா, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர் எல்லாம் அவன் கையெழுத்தில் இருக்கும். பில்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பான். "எனக்கு எதுக்குடா கணக்கு, மீதியக் குடு போதும்" என்றேன் ஒரு தரம். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்ற வண்டி. நீதான் பாக்கோணும். இன்னிக்குப் பாக்காம உட்டா நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல சந்தேகம் வந்து உக்காந்துக்கும்" என்றான். படுத்த படுக்கையில் கிடக்கிறவனிடம் கணக்குக் காட்டுவது அவனை இன்னும் முதலாளியாக வைத்திருப்பது. எல்லாரும் என்னைப் பாவம் என்று பார்த்த மாதங்களில் அவன் ஒருவன்தான் டீசல் கூடுதலாகப் பிடித்ததற்குக் காரணம் சொல்லிக்கொண்டு என் முன்னால் நின்றான். நான் மறுபடி ஸ்டியரிங் பிடித்ததற்கு ராடு பாதிக் காரணம், அந்த நோட்டு பாதிக் காரணம்.

2016 நவம்பர் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 8 ஆம் தேதி ராத்திரி நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது இரண்டு பேர் கையிலும் இருந்த அட்வான்ஸ் முழுவதும் 500, 1,000 நோட்டு. பெட்ரோல் பங்கில் பழைய நோட்டு வாங்கினார்கள், டிசம்பர் 2 வரை டோலும் இல்லை. சாப்பாட்டுக்குத்தான் சில்லறை கிடையாது. இரண்டு டூல்பாக்ஸிலும் இருந்ததைச் சேர்த்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிச் சாப்பிட்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

2020 அப்படி இல்லை. மார்ச் 24 ஆம் தேதி ராத்திரி நாங்கள் நாக்பூர் வாடியில் லோடு இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடுக்காக நின்றிருந்தோம். மறுநாள் கொரோனா ஊரடங்கில் எல்லாம் மூடிவிட்டது. அத்தியாவசியச் சரக்கு மட்டும் போகலாம் என்றார்கள். நாலைந்து நாளில் எந்தச் சரக்கும் போகலாம் என்று உத்தரவு வந்தது. ஏற்றுவதற்கு ஆள் எங்கே, ஆலை எங்கே? தாபாக்கள் அடைத்துக் கிடந்தன. வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஊருக்கு நடக்க ஆரம்பித்த டிரைவர்களையும் பார்த்தோம். நாங்கள் அடுப்பு மூட்டினோம். பக்கத்தில் நின்ற வண்டிகளில் அரிசி தீர்ந்துவிட, எங்கள் குக்கர் ஒரு நாளைக்குப் பல தடவை விசில் அடித்தது. காலியாகவே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தபோது கணக்குப் போட்டோம். காலி வண்டி லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தாலும் ஊர் சேர வண்டிக்கு 250 லிட்டருக்கு மேல் வேண்டும், வருமானம் ஒரு பைசா இல்லாமல். என்னிடம் இருந்தது. அவனிடம் இல்லை. இரண்டு டேங்கையும் நிரப்பினேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டான்.

அவனுக்கு அடி விழுந்தது அதற்கு அப்புறம். கொஞ்ச காலத்துக்கு முன்புதான் பன்னிரண்டு சக்கர வண்டி புதிதாக எடுத்திருந்தான், டியூ பெரிது. தவணையைத் தள்ளிப் போடலாம் என்று ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதம் கொடுத்தது, ஆனால் வட்டி நிற்கவில்லை. தள்ளி வைத்ததெல்லாம் பின்னால் சேர்ந்து வந்து நின்றது. 2021 இல் டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டியது; வாடகை ஏறவில்லை. ஒரு நடைக்கு ஆகும் செலவில் பாதிக்கு மேல் டீசலுக்கே போகிற தொழில் இது. அந்த வருஷம் வண்டியை விற்றான். கடன் போக மிஞ்சியது கொஞ்சம்.

அதற்கப்புறம் என் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் காட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்வார்கள். எனக்குப் புரிந்தது. வண்டி இல்லாதவனாக என் எதிரில் உட்கார அவனுக்கு முடியவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். தங்கச்சி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும், "இனி ஜோடி வர என்னால ஆகாது மாப்ள" என்றான்.

பணம் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசியிருந்தோம். ஆனால் பணத்தை அவன் கையில் கொடுத்தால் அன்றோடு எங்கள் உறவு முறிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். கஷ்டப்படுகிறவனுக்குக் கொடுக்கிற கையைவிட அவனிடம் ஒரு வேலையைக் கேட்கிற கை நல்லது. "கால்ல ராடு வெச்ச எடம் ராத்திரியில கடுக்குது. ஒரே ஆளா நாக்பூர் வரைக்கும் ஓட்ட முடியல. டபுள் டிரைவர் போட்டே ஆகோணும். பழக்கமில்லாத பையன நம்பித் தூங்க எனக்குப் பயமா இருக்குது" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கால் கடுப்பது நிஜம், பயமும் நிஜம். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மற்ற டிரைவர்களுக்கு என்ன பத்தாவோ அதுதான், ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால் இறங்கிப் போய்விடுவேன் என்று நிபந்தனை போட்டான். நாக்பூரில் நான் டீசல் போட்ட பணத்தை அந்தப் பத்தாவிலிருந்தே மாதாமாதம் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னான். கழித்துக்கொண்டேன். தீர்ந்த அன்றைக்கு அவனே கோடு போட்டு மூடினான். கழிக்காமல் பெருந்தன்மை காட்டியிருந்தால் அவனைச் சின்னவனாக்கியிருப்பேன்.

இரண்டு பேரும் ஒரே கேபினில் ஓடிய அந்தக் காலம்தான் எனக்குத் தொழிலில் நல்ல காலம். அதுவரை அத்தனை வருஷம் ஒருவன் முதுகை ஒருவன் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறோம், பேசியதெல்லாம் டீக்கடையில்தான். இப்போது ஆயிரம் கிலோமீட்டர் பேச்சு. பிள்ளைகள் படிப்பு, நிலத்துப் பத்திரம், செத்துப்போன முதலாளியின் குணம் என்று பேசித் தீராது. போன வருஷம் அவன் பையன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து அப்பாவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டான். நானும் தூரப் பயணத்தை நிறுத்திவிட்டேன். என் வண்டியை இப்போது ஒரு சின்னப் பையன் ஓட்டுகிறான்.

இன்றைக்கு ஜோடி போடுவது குறைந்துவிட்டது. ஜி.பி.எஸ். இருக்கிறது, ஃபாஸ்டேக் இருக்கிறது, வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளி வீட்டிலிருந்தே பார்க்கிறார். இரண்டு வண்டிக்கு ஒரே இடத்தில் லோடு கிடைக்கும் வரை காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. டிரைவர் கிடைப்பதே கஷ்டம். பையன்கள் வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். பிரேக் டவுன் என்று ஒரு செய்தி போட்டால் பக்கத்தில் இருக்கிற மெக்கானிக் நம்பர் நிமிஷத்தில் வந்துவிடுகிறது. நல்ல விஷயம், எங்களுக்கு அது கிடைத்திருந்தால் எத்தனையோ ராத்திரி மிச்சமாகியிருக்கும். ஆனால் போலீஸ் எழுதி முடிக்கும் வரை, சர்வேயர் வரும் வரை, தம்பி ரயிலில் வந்து சேரும் வரை கூட நிற்க ஒரு ஆள் வேண்டுமே. பையன்களுக்கு மனசு இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நின்றால் பத்தா போகும், தாமதத்துக்குப் பிடித்தம் வரும், ஜி.பி.எஸ். பார்த்து "ஏன் நிக்குது" என்று முதலாளி திட்டுவார். அந்தச் செலவை அன்றைக்கு மாப்ள தன் தலையில் போட்டுக்கொண்டான், வண்டி அவனுடையது என்பதால். சம்பளத்துக்கு ஓட்டுகிற பையனிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. அந்தச் செலவு வண்டிக்காரனாகிய என்னுடையது.

அதனால் என் வண்டிப் பையனுக்கு முதல் நாளே சொல்லியிருக்கிறேன்: வழியில் யார் வண்டி விழுந்து கிடந்தாலும் நிறுத்து. நின்ற நாளுக்கும் முழுப் பத்தா உண்டு. பார்ட்டிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கொள்கிறேன், பிடித்தம் வந்தால் என் கணக்கு. பேப்பர் பையை முதலில் எடு, பேட்டரியைக் கழற்றி உன் வண்டியில் வை, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போ. எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் நாலு பேரிடமும் இதையே செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். சில மாதத்துக்கு முன் கர்நூல் பக்கம் கேரளத்து வண்டி ஒன்று நடுத்தடுப்பில் ஏறிக் கிடந்ததென்று பையன் ஒன்றரை நாள் நின்றுவிட்டு வந்தான். ஹால்ட்டிங் பத்தா, சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ வாடகை எல்லாம் சேர்த்து நடைக் கணக்கில் எழுதியிருந்தான். எங்கே என்ன எழுத வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது மாப்ளதான். கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்தேன்.